பொந்தியான் மண்ணின் காப்பி: லிபரிக்கா மரமும் நம் கடைகளும்

பொந்தியான் கெச்சிலிலிருந்து ஆயர் பாலோய், பெனுட் வழியாகப் பத்து பஹாட்டுக்குச் செல்லும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் நாம் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறோம். நிக்காஹுக்கும் மௌத்துக்கும் கடைச் சரக்குக்கும் போன சாலை அது. வழிநெடுகப் பாரிட்கள், அவற்றின் கரைகளில் தென்னை, கமுகு, செம்பனை. இவற்றுக்கு நடுவே, கையகலத்துக்கும் பெரிய இலைகளோடு கூரை உயரத்துக்கு நிற்கும் ஒரு மரத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டோம். அது காப்பி மரம். அதன் இனத்துக்கு லிபரிக்கா என்று பெயர்.

சங்கத்தின் பொன்விழா மலரில் காப்பிக்கு ஒரு கட்டுரை எதற்கு என்று சிலர் கேட்கலாம். நம் அத்தாமார்களும் வாப்பாமார்களும் இந்த மண்ணில் காலூன்றியது பெரும்பாலும் கடைகளின் மூலம்தான். அந்தக் கடைகளில் விடியலில் முதலில் அடுப்பேறியது காப்பிக்கான வெந்நீர். பலருடைய பள்ளிச் சம்பளமும், ஊருக்கு அனுப்பிய மணியார்டரும், ஏன், ஹஜ்ஜுக்குச் சேர்த்த பணமும் அந்தக் கல்லாவிலிருந்துதான் வந்தன. ஆனால் அந்தக் காப்பி எந்த மரத்தில் விளைந்தது, யார் பறித்தார்கள், எப்படி இங்கே வந்தது என்று நாம் விசாரித்ததில்லை. இன்று அதே காப்பி கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் 'சிறப்புக் காப்பி' என்ற பெயரில் உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள இதுவே சரியான வேளை.

ஏமனிலிருந்து ஜாவா வரை

காப்பிச் செடியின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. அதைப் பானமாக்கி உலகுக்குக் கொடுத்தவர்கள் ஏமன் நாட்டு முஸ்லிம்கள். 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் காப்பியைக் குடித்தார்கள். அரபியில் அதற்கு 'கஹ்வா' என்று பெயர். மோக்கா துறைமுகம் காப்பியால் புகழ் பெற்றது. 1511இல் மக்காவில் அதிகாரியாக இருந்த கைர் பேக் என்பவர் இந்தப் பானத்தைத் தடை செய்தார். அந்தத் தடை நீடிக்கவில்லை. அதே நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் காப்பிக் கடைகள் திறக்கப்பட்டுவிட்டன.

இந்தியாவுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவராக மரபு சொல்வதும் ஓர் இறைநேசரைத்தான். 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் முடித்துத் திரும்பிய பாபா புதன் என்ற சூஃபி, ஏமனிலிருந்து ஏழு விதைகளைக் கொண்டுவந்து இன்றைய கர்நாடகத்தின் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பார்கள். அந்த மலை இன்றும் பாபா புதன் கிரி என்றே வழங்குகிறது. 1696இலும் 1699இலும் டச்சுக்காரர்கள் மலபார் கரையிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். முதல் முறை போனவை வெள்ளத்தில் அழிந்தன. இரண்டாவது முறை போனவை பிழைத்தன. இப்படி அரபு மண்ணிலிருந்து மலபாருக்கும், மலபாரிலிருந்து ஜாவாவுக்கும் காப்பி போயிற்று. பின்னாளில் பொந்தியான் கரையில் பாரிட்களை வெட்டிக் குடியேறியவர்களில் பெரும்பகுதியினர் அந்த ஜாவாவிலிருந்து வந்தவர்களே.

இலங்கையில் வந்த நோயும் மலாயாவுக்கு வந்த மரமும்

மேலே சொன்ன காப்பி அரபிக்கா இனம். குளிர்ந்த மலைச் சரிவை விரும்புவது. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாடு முழுவதும் அந்தக் காப்பியே நின்றது. அந்தத் தோட்டங்களில் பாடுபட்டவர்கள் தென் தமிழகத்திலிருந்து கங்காணிமார் அழைத்துப்போன நம் தமிழ் மக்கள். 1869இல் இலைத்துரு நோய் அங்கே தலைகாட்டியது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடிபோலப் படரும் ஒரு பூஞ்சை அது. இலைகள் உதிர்ந்து மரம் காய்க்கும் வலுவை இழக்கும். 1880கள் முடிவதற்குள் இலங்கையின் காப்பித் தொழில் படுத்துவிட்டது. தோட்டக்காரர்களில் பலர் தேயிலைக்கு மாறினார்கள். சிலர் கடல் தாண்டி மலாயாவுக்கு வந்தார்கள்.

இலைத்துருவைத் தாங்கும் காப்பி எங்கேனும் கிடைக்குமா என்று ஆங்கிலேயர் தேடியபோது மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா நாட்டு மரம் கண்ணில் பட்டது. லிபரிக்கா என்ற பெயர் அந்த நாட்டின் பெயரிலிருந்து வந்தது. 1870களில் இதன் கன்றுகள் லண்டனின் கியூ தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பப்பட்டன. இது வெப்பத்தையும் தாழ்நிலத்தையும் தாங்கும் மரம். மலாயாவின் ஈரக் காற்று இதற்கு ஒத்துப்போயிற்று. சிலாங்கூர், பேராக், சுங்கை ஊஜோங் ஆகிய இடங்களில் தோட்டங்கள் எழுந்தன. இங்கேயும் காடு வெட்டவும் கன்று நடவும் பழம் பறிக்கவும் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தார்கள். மலாயாத் தமிழர் வரலாறு என்றாலே நமக்கு ரப்பர் மரம்தான் நினைவுக்கு வரும். ரப்பருக்கு முன்னே கரும்பும் காப்பியும் நம் மக்களின் வியர்வையைக் குடித்திருக்கின்றன.

காப்பியின் அந்த நல்ல காலம் நீளவில்லை. 1890களின் பிற்பகுதியில் பிரேசிலில் விளைச்சல் பெருகி, உலகச் சந்தையில் விலை சரிந்தது. இலைகளைத் தின்று தீர்க்கும் அந்துப்பூச்சிப் புழுக்களும் தோட்டங்களைத் தாக்கின. அதே நேரத்தில் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் ரிட்லி, ரப்பரை நடுங்கள் என்று தோட்டக்காரர்களை வற்புறுத்திக்கொண்டிருந்தார். 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் வணிக நோக்கில் ரப்பர் நட்டார். காப்பி வரிசைகளுக்கு நடுவே ரப்பர் கன்றுகள் ஏறின; அவை வளர வளரக் காப்பி வெட்டப்பட்டது. வெள்ளைக்காரத் தோட்டங்கள் கைவிட்ட காப்பியைச் சிறு நிலக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அது நடந்த இடங்களில் முக்கியமானது நம் ஜொகூர் மேற்குக் கரை.

கூக்குப்பில் ஒரு கான்ஸ்டாண்டிநோப்பிள்

இந்தக் கதையில் நம் பொந்தியான் வட்டாரத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. இன்று கூக்குப் என்றால் கடல்மேல் கால் நட்ட வீடுகளும் மீன் உணவும் நினைவுக்கு வரும். 1878இல் அந்தப் பகுதியில் பெரும் நிலப்பரப்பை சிங்கப்பூர் வணிகர் சையது முகம்மது பின் அகமது அல்சகோஃப் ஜொகூர் ஆட்சியாளர் அபு பக்கரிடமிருந்து சலுகை உரிமையாகப் பெற்றார். அல்சகோஃப் குடும்பம் ஏமனின் ஹத்ரமவுத்திலிருந்து வந்த அரபுக் குடும்பம். சிங்கப்பூர் பீச் ரோட்டில் நாம் தொழுதிருக்கும் ஹாஜ்ஜா பாத்திமா பள்ளிவாசலைக் கட்டிய அம்மையாரின் மகள் வயிற்றுப் பேரன்தான் சையது முகம்மது.

அவர் அந்தத் தோட்டத்துக்கு உதுமானியத் தலைநகரின் பெயரைச் சூட்டி, கான்ஸ்டாண்டிநோப்பிள் தோட்டம் என்றார். தோட்டத்துக்குள் செல்லுபடியாகும் பணத்தாளைத் தாமே வெளியிடும் உரிமையும் அவருக்கு இருந்தது. சவ்வரிசி மரமும் தென்னையும் காப்பியும் அங்கே பயிராயின. ஏமன் மண்ணின் மைந்தர் ஒருவர், ஏமன் உலகுக்குக் கொடுத்த பானத்துக்கான பயிரைப் பொந்தியான் சதுப்பில் வளர்த்தார்.

ஆனால் அந்தத் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்கள் யார் என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சிங்கப்பூர் இப்பகுதியின் ஹஜ் வாசல். ஜாவாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஏழைகளுக்குக் கப்பல் கட்டணத்துக்குப் பணம் போதாது. வணிக நிறுவனங்கள் கடன் கொடுத்தன. திரும்பி வந்தபின் தோட்டத்தில் உழைத்து அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். அல்சகோஃப் நிறுவனம் பயணக் கப்பல்களையும் நடத்தியது, தோட்டத்தையும் நடத்தியது. அதனால் கஅபாவைத் தவாஃப் செய்துவிட்டு வந்த பலர் கூக்குப்பின் சேற்றில் இறங்கி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடனை அடைத்தார்கள்.

ஒருவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அக்குடும்பம் செய்த தான தருமங்களும் வக்ஃபுகளும் இன்றும் நிற்கின்றன. கடனின்றி ஹஜ்ஜுக்குப் போகவே முடியாத நிலையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடன் ஒரு வழியைத் திறந்ததும் உண்மை. ஆயினும் பயிர் ஒருவர் கையில், விலை வேறொருவர் கையில் என்ற நிலை நம் வட்டாரக் காப்பிக்குத் தொடக்கத்திலேயே ஏற்பட்டுவிட்டது. இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் இந்த இடத்துக்கு வருவோம்.

பாரிட் மக்களின் மரம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜாவானியரும் பூகிஸ் மக்களும் பஞ்சாரியரும் ஜொகூர் மேற்குக் கரையில் திரளாகக் குடியேறினார்கள். கடலோரம் களிமண், சற்று உள்ளே போனால் தழைகள் மக்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த கரிய சதுப்பு மண், மலாயில் 'தானா கம்புட்' என்பது. நீரை வடித்தால்தான் எதுவும் விளையும். கூட்டுழைப்பில் வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டியவரின் பெயர் அந்த வாய்க்காலுக்கு வந்தது. வாய்க்காலின் பெயர் ஊருக்கு வந்தது. நம் மாவட்ட வரைபடத்தில் 'பாரிட் ஹாஜி' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களை எண்ணிப் பார்த்தால் இந்த வரலாறு விளங்கும்.

அவர்கள் தென்னையும் கமுகும் வைத்து, இடையில் காப்பி வைத்தார்கள். லிபரிக்காவின் வேர் பலமானது. ஈரக் களியையும் சதுப்பையும் தாங்கும். தென்னையின் நிழல் அதற்குத் தடையில்லை. பழம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பழுக்கும். தேங்காய்க்கு விலை இல்லாத மாதத்தில் காப்பி கைகொடுக்கும். பெண்களும் பிள்ளைகளும் பறிக்கலாம். முற்றத்தில் பாய் விரித்துக் காயப்போடலாம். மலாக்கா நீரிணைக்கு அப்பால் ரியாவ், ஜம்பி மாநிலங்களின் சதுப்பு நிலங்களிலும் லிபரிக்கா பயிராகிறது. இரு கரைகளின் நிலமும் ஒரே வகை.

இந்த மரத்துக்குச் சில தனிக் குணங்கள் உண்டு. கவாத்து செய்யாமல் விட்டால் இரண்டு மாடி உயரத்துக்குப் போய்விடும். கொக்கியால் கிளையை வளைத்துத்தான் பறிக்க வேண்டும். பழம் பெரிது, தோல் தடிப்பு, சதை அதிகம். ஏறத்தாழ 10 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ கொட்டைதான் தேறும். அரபிக்காவுக்கு அதில் பாதி அளவு பழமே போதும். கொட்டையின் ஒரு முனை சற்று வளைந்திருக்கும். தன் பூவின் மகரந்தத்தால் தானே காய்க்காத இனம் என்பதால் விதையிலிருந்து வளரும் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 1969இல் அமைக்கப்பட்ட மார்டி ஆய்வுக் கழகம் நல்ல மரங்களைத் தேர்ந்து, எம்.கே.எல். என்ற வரிசையில் ஒட்டுக் கன்றுகளாக விவசாயிகளுக்குத் தந்தது.

முக்கியமானது அதன் மணம். நன்கு பழுத்த லிபரிக்கா பழத்தைப் பக்குவமாக உலர்த்தி, எதுவும் கலக்காமல் வறுத்தால் பலாப்பழ வாசம் வரும். பலரும் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் நம் கடைகளில் மூன்று தலைமுறையாகக் காப்பி குடித்தவர்களில் அந்த வாசத்தை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அதற்குக் காரணம் உண்டு.

கோப்பி ஓ, கோப்பி கோசோங்

நம் முன்னோர் இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னாலே நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும். வந்தவர்களில் சிலர் துணி விற்றார்கள், சிலர் மளிகை வைத்தார்கள், பலர் உணவுக் கடையில் சேர்ந்தார்கள். ஒரு தகர அடுப்பும் சில குவளைகளும் இருந்தால் போதும், சர்பத் கடை போட்டுவிடலாம். 'சாராபாட்' என்று மலாய் மக்கள் அழைத்த அந்தக் கடைகளில் இஞ்சித் தேநீரும் காப்பியும் ஓடின. அங்கே பழகிய கை, பின்னாளில் தே தாரிக்கை இந்த நாட்டின் அடையாளப் பானமாக்கியது.

தூள் நம்மிடம் விளைந்ததில்லை, வாங்கினோம். வறுப்பவர்கள் பெரும்பாலும் சீனர்; காப்பிக் கடைத் தொழிலில் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் முன்னே நின்றார்கள். கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து, சீனி கருகிக் கொட்டையின்மேல் பளபளப்பாக ஒட்டும் வரை வறுப்பது அவர்கள் முறை. சில இடங்களில் சோளமும் எள்ளும்கூடச் சேரும். அந்தத் தூளை நீளமான துணிப் பையில் இட்டு வெந்நீர் ஊற்றினால் கறுத்த, கெட்டியான சாறு இறங்கும். டின் பாலோடு சேர்ந்தால் அதன் சுவையே தனி.

ஏன் அப்படி வறுத்தார்கள்? விவசாயியிடம் பழத்தை எடைக்கு வாங்கினார்கள். செம்பழத்துக்கும் பச்சைக் காய்க்கும் ஒரே விலை. ஒரே விலை என்றால் பழுக்கும் வரை யார் காத்திருப்பார்? கிளையை உருவி எல்லாவற்றையும் கொடுப்பதுதான் இலாபம். பச்சைக் காயின் கொட்டை துவர்க்கும். மழைநாளில் காயாமல் கிடந்தது பூசணம் பிடிக்கும். அந்தக் குறைகளைச் சீனியும் கருகலும் மறைத்தன. தூளும் எடை கூடியது. காப்பி மலிவாகக் கிடைத்தது. தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் சில காசுகளுக்கு ஒரு குவளை குடிக்க முடிந்தது. அந்த மலிவால்தான் நம் கடைகளும் பிழைத்தன. எனவே அந்தக் கறுப்புக் காப்பியை இகழ நமக்கு உரிமை இல்லை. நம் பிள்ளைகளை வளர்த்தது அது. அதே வேளையில் மரத்தின் உண்மையான குணத்தை மறைத்ததும் அதுவே.

நம் கடைகளில் காப்பி கேட்கும் மொழியையும் ஒரு நிமிடம் கவனிப்போம். அரபியின் கஹ்வா துருக்கியில் கஹ்வே ஆகி, டச்சில் கோஃபி ஆகி, மலாயில் கோப்பி ஆயிற்று. 'கோப்பி ஓ' என்பதில் உள்ள 'ஓ' ஹொக்கியன் மொழியில் கறுப்பு. சீனியும் வேண்டாம் என்றால் 'கோசோங்', அது மலாய். கெட்டியாக வேண்டுமானால் 'காவ்', அதுவும் ஹொக்கியன். வாடிக்கையாளர் இத்தனையும் சொல்ல, நம்மவர் உள்ளே திரும்பித் தமிழில் குரல் கொடுப்பார். இந்த நாட்டில் எல்லா இனத்தாரும் ஒரு மேசையில் உட்கார்ந்த வரலாறு அந்த ஒரு குரலில் இருக்கிறது.

குறைந்ததும் தேடி வந்ததும்

1970களில் ஜொகூர் மேற்குக் கரையில் அரசாங்கம் பெரிய அளவில் வடிகால், கரை கட்டும் திட்டங்களை மேற்கொண்டது. நிலம் சீரானது. சீரான நிலத்தில் செம்பனை ஏறியது. செம்பனைக்கு நிலையான சந்தை உண்டு, ஆலை உண்டு, பறிக்க ஆள் குறைவாகப் போதும். காப்பிக்கு ஒவ்வொரு மரமாக, ஒவ்வொரு பழமாகக் கை வேண்டும். பாரிட் வீட்டுப் பிள்ளைகள் படித்து ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனார்கள். நம் பிள்ளைகளும் அப்படித்தானே போனார்கள். காப்பி மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. இன்று மலேசியர் குடிக்கும் காப்பியில் பெரும்பகுதி இந்தோனேசியா, வியட்நாம் போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாகிறது. நம் கடைக்கு வரும் தூள் பொட்டலத்தில் ஜொகூர் ஊர்ப் பெயர் அச்சிட்டிருந்தாலும், உள்ளே உள்ள கொட்டை எங்கே விளைந்தது என்பது வேறு கேள்வி.

இந்த நேரத்தில்தான் உலகம் லிபரிக்காவைத் திரும்பிப் பார்த்தது. 'சிறப்புக் காப்பி' என்ற கருத்தை 1974இல் அமெரிக்காவில் எர்னா நட்சன் என்ற பெண் வணிகர் முன்வைத்தார். குறிப்பிட்ட மண்ணிலும் தட்பவெப்பத்திலும் விளைந்த கொட்டைக்கு அதற்கே உரிய சுவை உண்டு. அதைக் கலக்காமல், விளைந்த இடத்தின் பெயரோடு விற்க வேண்டும் என்பது அதன் சாரம். தேர்ந்த சுவைஞர்கள் 100க்கு மதிப்பெண் போட்டு, 80க்கு மேல் பெறுவதைச் சிறப்புக் காப்பி என்றார்கள். நீண்ட காலம் அந்தப் பட்டியலில் அரபிக்கா மட்டுமே இருந்தது. உலகக் காப்பியில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லாத லிபரிக்காவை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாநிலத்தில் 'பராக்கோ' என்ற பெயரில் அதைக் குடித்தார்கள்; நாம் கோப்பி என்று குடித்தோம். அவ்வளவுதான்.

புவி வெப்பமாவது நிலைமையை மாற்றியது. அரபிக்காவுக்குக் குளிர்ந்த மலை வேண்டும். அத்தகைய நிலம் இனிச் சுருங்கும் என்ற அச்சம் எழுந்தது. 2022 டிசம்பரில் கியூ பூங்காவின் ஆய்வாளர்களும் பிறரும், லிபரிக்கா மீண்டும் முக்கியப் பயிராக எழுகிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு எந்தப் பூங்கா வழியாக இந்தக் கன்றுகள் கிழக்கே வந்தனவோ அதே பூங்காவின் வாயிலிருந்தே இந்தச் சொல்லும் வந்தது.

ஜொகூரிலேயே சிலர் இதை முன்பே உணர்ந்துவிட்டார்கள். செம்பழத்தை மட்டும் பறித்து, தரையில் பரப்பாமல் உயர்த்திய வலைப் படுக்கையில் மெல்ல உலர்த்தி, சீனியும் கொழுப்பும் சேர்க்காமல் மிதமாக வறுக்கிறார்கள். 'மை லிபரிக்கா' என்ற நிறுவனம் ஜொகூர் காப்பியை இந்த முறையில் பக்குவம் செய்து தன் கடைகளில் விற்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நகரத்து நவீனக் காப்பிக் கடையில் பத்து ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துக் குடித்துவிட்டு, "பலாப்பழ வாசம் வருது அத்தா" என்று வியந்து சொல்கிறார்கள். அந்த மரம் பெனுட் பக்கம் நிற்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

விலை யாரைச் சேரும்?

காப்பிக்கு மதிப்புக் கூடுவது நல்ல செய்தி. ஆனால் இந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. கூக்குப்பில் கடனடைத்த ஹாஜிகள் வளர்த்த காப்பியின் இலாபம் அவர்களுக்குச் சேரவில்லை. சிலாங்கூர் தோட்டத்துத் தமிழர் பறித்த காப்பியின் இலாபம் அவர்களுக்குச் சேரவில்லை. பாரிட் வீட்டுப் பெண்கள் பறித்த செம்பழத்துக்குப் பச்சைக் காயின் விலைதான் கிடைத்தது. இப்போது ஒரு குவளை பத்து ரிங்கிட் ஆனபின்னும், பறித்தவரின் கைக்குப் போவது பழைய விலையாகவே இருந்தால், மாறியது கடையின் அலங்காரம் மட்டுமே. அந்த விலைக்கு யாரும் மரத்தைக் காப்பாற்றப் போவதில்லை. வெட்டிவிட்டுச் செம்பனை வைப்பார்கள். அவர்கள்மேல் தவறும் இல்லை.

இந்தச் சங்கிலியில் நாம் நடுக்கண்ணி. நாம் விளைவிப்பதில்லை, வறுப்பதில்லை. வாங்கிக் கலக்கி விற்கிறோம். வாங்குபவர் கேள்வி கேட்டால்தான் விற்பவர் பதில் தேடுவார். அளவிலும் விலையிலும் நேர்மை என்பது நம் மார்க்கம் வியாபாரிக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. தராசை நேராகப் பிடிப்பதோடு அது முடிந்துவிடாது. விளைவித்தவருக்குரியது அவருக்குப் போகிறதா என்று பார்ப்பதும் அதில் அடங்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

நம்மால் ஆகக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தூள் வாங்கும்போது கொட்டை எந்த ஊர் என்று கேட்கலாம். உணவுக் கடை நடத்தும் அன்பர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து, நம் மாவட்டத்துப் பாரிட் விவசாயி ஒருவரிடம் செம்பழத்துக்குத் தனி விலை பேசலாம். சீனி சேர்க்காமல் வறுத்துத் தரும் சிறு வறுப்பாளர்கள் ஜொகூரில் இருக்கிறார்கள். வழக்கமான கோப்பி அதன் இடத்தில் இருக்கட்டும். பக்கத்தில் 'பொந்தியான் லிபரிக்கா' என்று ஒரு வரி விலைப்பலகையில் ஏறட்டும். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், எல்லோரும் வாங்கமாட்டார்கள். கேட்பவருக்கு அதன் கதையைச் சொல்ல முடிந்தால் வாங்குபவர் வருவார்.

இன்னொரு வேலை அவசரமானது. காப்பித் துணி பிடித்த கைகள் முதுமை அடைந்துவிட்டன. எந்த வறுப்புக்காரரிடம் தூள் எடுத்தோம், ஒரு குவளை எத்தனை காசு, எந்தக் கம்பத்திலிருந்து மூட்டை வந்தது, எந்த ஆண்டு விலை ஏறியது என்று அவர்களுக்குத் தெரியும். இவை எந்த ஏட்டிலும் இல்லை. நம் இளைஞர் பகுதியினர் ஆளுக்கொரு பெரியவரிடம் போய் உட்கார்ந்து, கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். அடுத்த மலரை எழுதுபவருக்கு அது பெரிய சொத்தாக இருக்கும்.

ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட மரம் இந்தச் சதுப்பில் வேர் பிடித்தது. தமிழகத்திலிருந்து புறப்பட்ட நம் முன்னோரும் இதே சதுப்பின் ஓரத்தில் கடை போட்டு வேர் பிடித்தார்கள். ஒருவரையொருவர் அறியாமலே ஒருவரால் ஒருவர் வாழ்ந்தார்கள். சங்கத்துக்கு 50 ஆண்டு நிறையும் இந்த நன்னாளில் அந்த மரத்தின் பெயரையாவது நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம். அடுத்த முறை பெனுட் பக்கம் போகும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தப் பெரிய இலை மரத்தை அவர்களுக்குக் காட்டுவோம்.

நமக்கு முன்னே உழைத்துச் சென்ற எல்லோருடைய பாவங்களையும் அல்லாஹ் மன்னித்து, அவர்களின் கப்ருகளை ஒளிமயமாக்குவானாக. நம் தொழிலில் பரக்கத்தையும் நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.